சோயா மெழுகும் நான் சொன்ன பொய்யும்

வேலை போன பதினோராவது நாள், புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து காலிங்பெல் அடித்தார். நைட்டியில், தலைகூட வாராமல், நான் கதவைத் திறந்தேன். அவர் ஆவடியிலிருந்து ரயிலேறி கொரட்டூர் வந்திருந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை, குவார்ட்டர்ஸ் பின்பக்க மரத்தில் ஒடித்தது. கட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே, ஆபீஸ் இல்லையா என்று கேட்டார்.

பதினோரு நாட்களாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். பதில் தயாரிக்கப் பதினோரு நாள் அவகாசம் இருந்தும் நான் ஒன்றும் தயாரிக்கவில்லை. என்னை ஏன் வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடம் டெஸ்டராக இருந்தேன். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பிறந்த வீட்டில் இதையே சும்மா செய்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் இருபது நிமிட மீட்டிங் ஒன்று. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவளான ஒரு பெண், நிறுவனம் ஒரு புதிய பயணத்துக்குத் தயாராகிறது என்று புன்னகையோடு சொன்னாள். அந்தப் பயணத்தில் எனக்கு சீட் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன். என் பக்குவத்தைப் பாராட்டினாள். பக்குவமானவர்களை அனுப்புவது எளிது போலிருக்கிறது.

இதை யாரிடம் சொன்னாலும் நாத்தனாரிடம் சொல்லக்கூடாது என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருந்தோம். அவருடைய வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. திருச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வீட்டில் அரசாங்க வேலை என்பது சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட வேண்டிய விஷயம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே, பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு நாத்தனார் ஒரு கருத்துச் சொன்னார். பிரைவேட் வேலையை நம்ப முடியாது, இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. பதினாறு வருடமாக, இரண்டு கம்பெனிகளில், அவர் சொன்னது பொய் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். இப்போது போய், பஜ்ஜி விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணி என்று நான் எப்படிச் சொல்வேன்?

சாப்பாட்டு மேசையில், என் டீம் பிரிவுபசாரமாகக் கொடுத்த வாசனை மெழுகுவர்த்தி ஒன்று கண்ணாடி டம்ளரில் இருந்தது. பதினான்கு வருட உழைப்புக்கு அவர்கள் செலுத்திய நன்றி அது. என் கண் அதன்மேல் விழுந்தது. வாய் தானாகத் திறந்தது.

"வேலையை விட்டுட்டேன் அண்ணி. சொந்தமா மெழுகுவர்த்தி செய்யப் போறேன். சோயா மெழுகுல."

நாத்தனார் டம்ளரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சோயா என்றால் பிரியாணியில் போடும் மீல் மேக்கரா என்று விசாரித்தார். அதே பயறுதான் என்றேன். பிறகு சரி என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தார். பிரைவேட் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

சாயங்காலம் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். ட்யூஷன் எடுக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாமே, அதற்குச் சாமான் எதுவும் வாங்க வேண்டாமே என்று அவர் வருத்தப்பட்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். அடுத்த புதன்கிழமையும் வருவதாகச் சொல்லிப் போயிருந்தார் அவருடைய அக்கா. அன்று காட்டுவதற்கு ஒரு மெழுகுவர்த்தியாவது வேண்டும். ஆன்லைனில் மெழுகு, திரி, கண்ணாடி ஜாடிகள், சந்தன வாசனை எண்ணெய், நீலச் சாயம், ஒரு தெர்மாமீட்டர் எல்லாம் ஆர்டர் செய்தோம். மெழுகு துருவிய கொப்பரைத் தேங்காய் மாதிரி பொட்டலத்தில் வந்து இறங்கியது.

கற்றுக்கொடுக்க இணையத்தில் ஆளுக்கா பஞ்சம்? நான் தேர்ந்தெடுத்த வீடியோவில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்ட, மெழுகை ஜாடியில் ஊற்றினார். பிறகு கேமராவைப் பார்த்து, அறையின் வெப்பநிலையில் நிதானமாக ஆறவிடுங்கள் என்றார். அவருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கும் ஒன்று இருந்தது. சித்திரை மாதத்தில், மொட்டைமாடிக்கு நேர்கீழே இருக்கும் கொரட்டூர் ஃப்ளாட்டில், எதுவும் நிதானமாகவோ அவசரமாகவோ ஆறாது.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக்கூடாது, கொதிக்கும் தண்ணீருக்குள் வேறொரு பாத்திரத்தை வைத்துத்தான் உருக்க வேண்டும். இட்லிப் பானையை எடுத்தேன். மூடியைத் திறந்தபோது அதிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் மெழுகுக்குள் விழுந்தது. நாலு சொட்டுதானே என்று விட்டேன். அந்த மெழுகுவர்த்தியைப் பிறகு ஏற்றியபோது தாளிப்பு மாதிரி படபடவென்று வெடித்தது. கடுகு போடாததுதான் குறை.

முதல் வரிசையில் ஆறு ஜாடி ஊற்றினேன். ஊற்றும்போது கண்ணாடிபோல மின்னின. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஆறிலும் திரியைச் சுற்றிக் குழி. சும்மா பள்ளம் இல்லை. மழைக்காலத்து எஸ்டேட் ரோட்டில் டூவீலரை விழுங்குமே, அந்த மாதிரிக் குழி. மேலே மட்டும் சின்ன ஓட்டை, உள்ளே குகை. மேல்பகுதி முதலில் இறுகிவிட்டால், உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது இழுத்துக்கொள்ள மெழுகு இல்லாமல் குழியாகிவிடுமாம். இதை வீடியோவின் கடைசி நிமிடத்தில் அந்தப் பெண்மணி ஒரு பொருட்டாகவே இல்லாமல் சொன்னார்.

இரண்டாம் வரிசையில் நீலச் சாயம் கலந்தேன். மறுநாள் காலை ஜாடிகளின் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஃபங்கஸ் பிடித்துவிட்டது, வெயிலில் வை என்றார். விசாரித்ததில் அது பூஞ்சை இல்லை, சோயா மெழுகின் சுபாவம். ஆறும்போது உப்புப் பூத்த மாதிரி வெளுக்கும். சாயம் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். போதாக்குறைக்கு, சில ஜாடிகளில் மெழுகு கண்ணாடியைவிட்டு அங்கங்கே பிரிந்து, ஈரம் பட்ட சுவர்போலத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஜாடியை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்காமல் ஊற்றினால் இப்படி ஒட்டாமல் போகுமாம்.

வாசனைக்கு வருவோம். மூடியைத் திறந்தால் சந்தனம் மணந்தது. ஏற்றினால் ஒன்றுமே இல்லை. விலைக்கு வாங்கிய எண்ணெய் ஆயிற்றே என்று அடுத்ததில் இரண்டு மடங்கு விட்டேன். அது மெழுகின் மேலே வந்து வியர்வை மாதிரி முத்து முத்தாக நின்றது. அப்போதும் வாசனை இல்லை. பிறகுதான் தெரிந்தது, சோயா மெழுகை ஊற்றிய பிறகு இரண்டு வாரம் மூடி வைத்திருக்க வேண்டும். அதற்குள் ஏற்றினால் மணக்காது. ஊறுகாய்க்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கு உண்டு, ஏனென்றால் ஊறுகாயைக் கடையில் வாங்குகிறேன்.

புதன்கிழமை நாத்தனார் வந்தார். தோல்விகள் எல்லாவற்றையும் அலமாரிக்குள் தள்ளிவிட்டு, இருப்பதில் சுமாரானதை மேசையில் வைத்திருந்தேன். அவர் நேராகப் போய் அலமாரியைத் திறந்தார். பதினெட்டு ஜாடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. வைகாசியில் மகளுக்கு நிச்சயதார்த்தம், தாம்பூலப் பையில் போட எண்பது மெழுகுவர்த்தி வேண்டும், நீயே செய்துகொடு என்றார்.

எவர்சில்வர் டப்பாவே போதுமே அண்ணி என்று மன்றாடினேன். எல்லா நிச்சயதார்த்தத்திலும் எவர்சில்வர் டப்பா கொடுத்து, யார் வீட்டிலும் இனி வைக்க இடமில்லை என்றார். மகளிடம் சொல்லியாகிவிட்டதாம். அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள், பொறுமைசாலி. அன்று மாலை என்னைக் கூப்பிட்டு, அத்தை, உங்களால முடியலைன்னா பரவாயில்லை, நான் அம்மாகிட்ட சொல்லிக்கறேன் என்றாள். ஒரு ஆளை வேலையில் தள்ளிவிட இதைவிட நல்ல வாசகம் கிடையாது.

அப்படித்தான் வாரத்தில் இரண்டு நாள், திங்களும் புதனும், நாத்தனார் காலை ரயிலில் வர ஆரம்பித்தார். நானும் அவரும் சேர்ந்து ஊற்றினோம், சேர்ந்து கெடுத்தோம். ஒரு நாள் சரியாக வந்தது மறுநாள் வராது. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இதே மாதிரி தப்பு திரும்பத் திரும்ப வந்தால் ஆபீஸில் என்ன செய்வாய் என்று அவர் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார். பதினான்கு வருடம் அடுத்தவன் தப்பை நம்பர் போட்டு, தேதி போட்டு, எதை மாற்றினால் வருகிறது எதை மாற்றினால் போகிறது என்று எழுதி வைத்தவள், சொந்தத் தப்பை அலமாரிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு நம்பர். எத்தனை டிகிரியில் எண்ணெய் கலந்தோம், எத்தனை டிகிரியில் ஊற்றினோம், ஜாடியைச் சூடாக்கினோமா இல்லையா, எந்த இடத்தில் ஆறவைத்தோம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினோம். எண்பது டிகிரிக்குச் சூடுபண்ணி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் விட்டு, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்கி, அறுபதுக்குக் கீழே இறங்கிய பிறகு ஊற்றினால் குழி குறைந்தது. ஆனால் முழுசாகப் போகவில்லை. ஹாலில் வைத்தவற்றில் மட்டும் விழுந்தது, ஸ்டோர் ரூமில் வைத்தவற்றில் விழவில்லை. ஒரு மணி நேரம் அந்த இரண்டு இடங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். ஹாலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான் மர்மம். காற்றுப் பட்டு மேலே மட்டும் சீக்கிரம் இறுகிவிடுகிறது. ஃபேனை நிறுத்த வேண்டும், ஜன்னலையும் சாத்த வேண்டும். மெழுகுக்குச் சுகமான அந்த ஏற்பாட்டில் மனிதர்கள் எப்படி உயிரோடு இருப்பது என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

ஸ்டோர் ரூமில் இடம் போதாது. ஆகவே அக்னி நட்சத்திரத்தில், ஹால் முழுக்க நாற்பது ஜாடியைப் பரப்பிவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, நானும் நாத்தனாரும் ஆளுக்கொரு ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். வேறு அறைக்குப் போகலாம்தான். ஆனால் அரை மணிக்கொரு தரம் ஒவ்வொரு ஜாடியிலும் திரிக்குப் பக்கத்தில் ஊசியால் குத்தி, உள்ளே காற்று அடைத்திருந்தால் வெளியேற்ற வேண்டும். திரி சாய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திரியையும் துணி காயப்போடும் கிளிப்பில் கவ்வி, ஜாடியின் குறுக்கே வைத்திருந்தோம். பக்கத்து ஃப்ளாட்டிலிருந்தும் கிளிப் கடன் வாங்கியிருந்தேன். அவர்கள் துணி என்ன ஆயிற்றோ.

வரிசையாகக் குத்திக்கொண்டே வந்த நாத்தனார், என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நீயா வேலையை விடல. அவங்கதானே அனுப்பிட்டாங்க?"

கையில் இருந்த ஊசி ஜாடிக்குள் விழுந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். கணவர்மேல்தான் சந்தேகம்.

"யாரும் சொல்லல. தானா விட்டவ, அந்த ஆபீஸை உட்கார்ந்தா நின்னா திட்டிக்கிட்டே இருப்பா. நீ ஒருநாள்கூடத் திட்டல. அதைப் பத்திப் பேசவே மாட்டேங்கற."

ஆமாம் என்றேன். பிறகு, உங்களுக்குச் சொல்லத்தான் பயமாக இருந்தது என்றேன். பிரைவேட் வேலை என்று நீங்கள் எப்போதும் சொல்வீர்களே என்று அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அவர் அடுத்த ஜாடிக்கு நகர்ந்தார். அங்கிருந்தபடியே, எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பு நடந்ததைச் சொன்னார். அவருடைய வீட்டுக்காரரைத் தொழிற்சாலையில் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஸ்டோரில் ஏதோ சாமான் குறைந்த விவகாரம். அவர்மேல் தப்பில்லை என்று பின்னால் தெரிந்து, திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் இவர் தினமும் காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தார். அவர் ஷிப்டுக்குப் போகிற மாதிரி சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு கிளம்பி, நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்திருந்து, மதியம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவார். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் அந்த ஸ்டேஷன். பிறந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது.

"பிரைவேட்டை நம்ப முடியாது, கவர்மெண்ட் வேலைன்னா போகவே போகாதுன்னு நான் சொல்றது மத்தவங்களுக்கு இல்ல. எனக்கே சொல்லிக்கறது" என்றார்.

பதினாறு வருடமாக நான் எதிரி என்று நினைத்திருந்த வாக்கியம் அது. அந்த ஏழு மாதத்தில் டிபன் பாக்ஸில் என்ன வைப்பீர்கள் என்று, ஏனென்று தெரியாமல் கேட்டேன். பெரும்பாலும் எலுமிச்சை சாதம் என்றார். வெயிலில் கெடாது. மிச்சமிருந்த இருபது ஜாடியையும் குத்தி முடித்தோம். அந்த நாற்பதில் ஒன்றில்கூடக் குழி விழவில்லை.

எண்பதும் முடிந்து, இரண்டு வாரம் மூடி வைத்து, மாதிரிக்கென்று அதிகப்படியாக ஊற்றிய ஒன்றை ஏற்றினோம். சந்தனம் மணந்தது. கணவர் படுக்கை அறையிலிருந்து வந்து, யாராவது ஊதுவத்தி கொளுத்தினீர்களா என்றார். ஒரு மெழுகுவர்த்திக்கு எங்கள் வீட்டில் கிடைக்கக்கூடிய உச்சபட்ச விருது அதுதான்.

நிச்சயதார்த்தம் ஐயப்பன்தாங்கல் தாண்டி, பூந்தமல்லி போகிற வழியில் ஒரு சின்ன மண்டபத்தில். மாலை ஆறு மணிக்கு முகூர்த்தம். பெட்டிகளை ஏற்ற ஒரு குட்டியானை வண்டி பேசியிருந்தோம். டிரைவர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து, "இன்னா மேடம், டம்ளர்ல நெய் ஊத்திகினு போறீங்களா?" என்றார். மெழுகு, வெயில் படக்கூடாது, நேராக மண்டபத்துக்குப் போய்விடுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினார். நாங்கள் காரில் முன்னால் போனோம்.

வண்டி இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டும், மூன்றேகாலுக்கு வந்தது. பஸ் டிப்போ பக்கத்தில் பிரியாணி நன்றாக இருக்கும் என்று நிறுத்திச் சாப்பிட்டிருக்கிறார். நான் பெட்டியைத் திறந்தேன். டம்ளரில் நெய்தான் இருந்தது. உச்சி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே எண்பதும் உருகி, பாதித் திரிகள் பக்கவாட்டில் படுத்திருந்தன. மூடி இறுக்கமாக இருந்ததால் கொட்டவில்லை, அவ்வளவுதான். டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நியாயம் சொன்னார்.

"வண்டி நெழல்லதான் நின்னுகினு இருந்துச்சு மேடம். நெழலு நவுந்துட்ச்சு."

சூரியன்மேல் யார் புகார் கொடுப்பது? நான் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் உருகிய மெழுகு. நாத்தனார் உள்ளேயிருந்து வந்து பெட்டியைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மண்டபத்தில் ஏ.சி. எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்.

ஏ.சி. இருந்தது ஒரே ஓர் இடத்தில், மாப்பிள்ளை அறையில். மாப்பிள்ளை வீட்டார் வர ஐந்தரை ஆகும். மண்டபத்துக்காரரிடம் சாவியை வாங்கி, கட்டில், மேசை, தரை, ஜன்னல் திண்டு என்று எண்பதையும் பரப்பினோம். ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்தோம். கணவர் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து நாலு டஜன் துணி கிளிப் வாங்கி வந்தார். நாத்தனார் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு திரியையும் நிமிர்த்தி நிமிர்த்திக் கொடுத்தார். கல்யாணப் பெண் பாதி மேக்கப்பில் வந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துவிட்டு, ஹேர் கிளிப் வேண்டுமா அத்தை, என்னிடம் நிறைய இருக்கிறது என்றாள். வாங்கிக்கொண்டோம்.

ஐந்து மணிக்கே கதவு திறந்தது. மாப்பிள்ளையின் அம்மா. மகனுடைய அறைக் கட்டிலில் முப்பது ஜாடியும், மற்ற இடமெல்லாம் ஐம்பதும், நடுவில் முட்டிபோட்டபடி பெண் வீட்டார் நாலு பேரும் இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார். சம்பந்தம் முறிவதற்கு இதைவிடச் சின்னக் காரணங்கள் எல்லாம் போதும். நாத்தனார் எழுந்திருக்கக்கூட இல்லை. உள்ளே வாங்க சம்பந்தி, காலைப் பார்த்து வைங்க என்றார். அந்த அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜாடிகளுக்கு நடுவே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பக்கத்தில் சாய்ந்திருந்த ஒரு திரியை அவரே விரலால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அவசரமாகக் குளிர்ந்த மெழுகு என்ன செய்யுமோ அதைச் செய்தது. எண்பது ஜாடியும் வெளுத்துப்போய், கண்ணாடி ஓரமெல்லாம் பனிப்பூ மாதிரி படர்ந்து நின்றது. நோட்டுப் போட்டு ஒரு மாதம் பாடுபட்டு நான் ஒழித்த அத்தனை குறைகளும் ஒரே மாலையில் மொத்தமாகத் திரும்பியிருந்தன. வேறு வழியில்லாமல் பையில் போட்டுக் கொடுத்தோம். மாப்பிள்ளையின் சித்தி ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்ளே பூ டிசைன் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். நாத்தனார் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், அதற்குத் தனி டெக்னிக் இருக்கிறது என்றார். அதில் பிரியாணியின் பங்கைப் பற்றி அவர் சொல்லவில்லை.

பந்தியில் சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நீங்கள் என்ன செய்கிறீர்கள், எங்கே வேலை என்று வழக்கமான விசாரணை. எதிர்ப் பந்தியில் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் இருந்தார்கள். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"வேலை போயிடுச்சுங்க. ரெண்டு மாசமாகுது. இப்ப இதான் செய்யறேன்."

சித்தி அப்பளத்தை உடைத்தார். எதிரே நாத்தனாரின் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்த ஏழு மாதம் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும், நாத்தனார் சொல்லியிருந்தார். அவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, அந்தம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் விடுங்க என்றார். அவ்வளவுதான். நான் பாயசம் சாப்பிடுவதில்லை. அன்று இரண்டு டம்ளர் குடித்தேன்.

அதற்குப் பிறகு போரூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. அவர்களும் ஒரு பயணத்தில் இருக்கிறார்களாம், என்னையும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், இறக்கிவிடும்வரை பார்ப்போம். ஆனால் நாத்தனார் வருவது நிற்கவில்லை, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். பூ டிசைன் வேண்டும் என்று கேட்டு வந்த நாலைந்து பேருக்கு, எவ்வளவு முயன்றும் அந்தப் பூவைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. இப்போது எல்லாம் ஒழுங்காக, வழவழவென்று வந்து தொலைக்கிறது.

போன மாதம் மாப்பிள்ளையின் சித்தி ஃபோன் செய்தார். மெழுகுவர்த்தியின் நடுவில் மட்டும் கிணறு மாதிரி இறங்கிவிட்டது, சுற்றிலும் மெழுகு அப்படியே நிற்கிறது, திரி உள்ளே மூழ்கி அணைந்து அணைந்து போகிறது என்று புகார். எவ்வளவு நேரம் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் ஏற்றி, ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடுவாராம். முதல் தடவை ஏற்றும்போதே மெழுகு ஜாடி ஓரம்வரை உருகும்படி இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதே பள்ளத்துக்குள்தான் எரியும் என்று விளக்கினேன். அவ்வளவு நேரம் எரியவிட நாங்கள் என்ன ஹோட்டலா நடத்துகிறோம் என்றார். ஐந்து நிமிடம் எரிவதற்கென்றே ஒன்று இருக்கிறது, அதற்கு அகல் விளக்கு என்று பெயர் எனச் சொல்ல வாயெடுத்தேன்.

நாத்தனார் என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டார். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் இருக்கிறதா, ஜாடியின் வாயைச் சுற்றிலும் அதை மடித்து, நடுவில் மட்டும் திறப்பு விட்டு ஒரு மணி நேரம் எரியவிடுங்கள், ஓரத்து மெழுகு இறங்கிவிடும், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். அதோடு வைப்பார் என்று பார்த்தால், பேச்சு சம்பந்தி வீட்டு விசேஷங்களுக்கும் மாப்பிள்ளையின் இருமலுக்கும் போய் நாற்பது நிமிடம் நீண்டது. நடுவில் ஒரு இடத்தில், என் தம்பி பொண்டாட்டிக்கு வேலை போனப்ப ஆரம்பிச்சதுங்க இது, எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு தடவை அப்படி ஆச்சு என்று, மழை வருகிறது துணியை எடு என்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு சொல்கிறேன் என்று சைகை காட்டிவிட்டு, மெழுகு ஊற்றும் நேரமாயிற்று என்று ஃபேனை நிறுத்தப் போனேன்.